காதலிப்பது அவரையா, கதையையா?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 23. பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். பி.காம். முடித்துவிட்டு ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதம் 11,000 ரூபாய். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அந்தப் படகுக்காரருடைய மகனைத்தான் இரண்டு வருடமாக விரும்புகிறேன். அவருக்கு 27 வயது. அவர்களுக்கு மூன்று விசைப்படகும் ஒரு ஐஸ் கம்பெனியும் இருக்கின்றன. இரண்டு வீடும் ஒரே சமூகம், ஒரே கோயில். பணத்தில்தான் வித்தியாசம். என் அப்பா அவருடைய அப்பாவிடம் ஒன்றரை லட்சம் முன்பணம் வாங்கியிருக்கிறார்.

அவர் நல்லவர். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. எனக்கு போன் வாங்கிக் கொடுத்தார். தங்கச்சி கல்யாணம் முடியும் வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறார். "இந்தப் பாசி வாடை, நண்டு வாடையெல்லாம் விட்டுட்டு வந்துரு, ராணி மாதிரி வச்சுக்கிறேன்" என்பார். கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கும்.

எட்டாம் வகுப்பிலிருந்து நான் கதை படிக்கிறேன். எல்லாம் பணக்கார வீட்டுப் பையன், ஏழைப் பெண் கதைகள்தான். முன்பு மாத நாவல், இப்போது போனில் தொடர்கதை. முடிவு தெரிந்தாலும் அலுப்பதில்லை. அம்மாவும் கரைக்கு வந்து குளித்ததும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். விஷயம் தெரிந்தது அக்காவுக்கு மட்டும்தான். அவள், "கதை படிச்சுப் படிச்சே நீ கெட்டுப்போன. உனக்கு அவன் மேல ஆசை இல்ல, அந்தக் கதை மேலதான் ஆசை" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்தக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன? நான் காதலிப்பது அவரையா, கதையையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் அக்கா கேட்டது நல்ல கேள்வி. கேட்ட விதம்தான் சரியில்லை. கதை படித்து யாரும் கெட்டுப்போவதில்லை. ஆனாலும் உன்னை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வைத்தாளே, அதற்காக அவள்மேல் கோபப்படாதே. இந்தக் கதைகள் ஏன் இழுக்கின்றன என்று கேட்டாய் அல்லவா, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பிடிபட்டால் மற்றதற்குப் பாதி விடை வந்துவிடும்.

நீ போனில் படிக்கிற கதையை இதே நெய்தல் நிலத்தை வைத்து ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பாடிவிட்டார்கள். நற்றிணையில் 45ஆம் பாட்டு. நீண்ட கொடிகள் ஆடும் கடைவீதி உள்ள பழைய ஊரிலிருந்து, வேகமாக ஓடும் தேர் வைத்திருக்கிற செல்வரின் மகன் கடற்கரைச் சிறுகுடிக்கு வருகிறான். நீலக் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கிற பரதவரின் மகளைத் தேடித்தான் வருகிறான். அவளுடைய தோழி அவனை வழிமறிக்கிறாள். நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டு, பறவை கொத்தாமல் விரட்டிக்கொண்டிருக்கிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். கடல் தரும் விளைச்சலில் ஓடுகிற "எம் சிறு நல் வாழ்க்கை" உங்கள் வாழ்க்கையோடு ஒத்துவராது, எங்கள் ஆட்களிலும் சிறந்தவர்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

அவள் அவனை அடியோடு விரட்டவில்லை. தள்ளி நிறுத்தி, அப்புறமும் நிற்கிறானா என்று பார்க்கிறாள். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது அந்தக் குரல். ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி, தலை குனியாமல், தன் வாழ்க்கையைச் சின்னது என்றும் நல்லது என்றும் ஒரே மூச்சில் சொல்கிறாள். நீ படிக்கிற கதைகளில் ஏழை வீட்டிலிருந்து இப்படி ஒரு குரல் வருகிறதா என்று யோசித்துப் பார். இந்த விஷயத்துக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

சரி, ஏன் இழுக்கிறது? உன் அம்மாவையே எடுத்துக்கொள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து எடுக்கிறார். கரைக்கு வந்தால் மரிக்கொழுந்துப் பாசிக்கு ஒரு விலை, கட்டக்கோரைப் பாசிக்கு ஒரு விலை. வியாபாரி சொல்வதுதான் விலை. நீ வேலை செய்கிற இடத்திலும் அப்படித்தான். எத்தனை கிலோ நண்டுச் சதை எடுத்தாள் என்பதுதான் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அடையாளம். காலையிலிருந்து மாலைவரை எடையாலும் கூலியாலும் அளக்கப்படுகிற ஒரு மனுஷிக்கு, "இத்தனை பேரில் நீதான் வேண்டும்" என்று ஒருவன் சொல்கிற கதை எவ்வளவு பெரிய ஆறுதல்! அவன் பணக்காரனாக இருப்பது தற்செயல் இல்லை. யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க முடிந்தவன் இவளைத் தேர்ந்தெடுக்கிறான். அப்போதுதான் அந்தத் தேர்வுக்கு மதிப்பு. இதைப் பேராசை என்று சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தன்னை ஒரு ஆளாக ஒருவர் பார்க்க வேண்டும் என்ற ஆசை சோற்றுக்கு அடுத்த ஆசை.

அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஆசை உண்டு. ஆலோசனை கேட்டு என் அறைக்கு வருகிறவர்களில் வசதியானவர்கள் பலர் சுற்றிச் சுற்றி ஒரே பயத்தைத்தான் சொல்கிறார்கள். தன்னிடம் வருகிறவர்கள் தனக்காக வருகிறார்களா, தன் காசுக்காக வருகிறார்களா என்ற பயம். பணத்தைப் பார்க்காமல் தன்னை விரும்புகிற ஒரு பெண் என்பது அவர்களுடைய கனவு. ஆகவே இந்தக் கதையில் இரண்டு பேரும் தேடுவது ஒன்றையே. காசைத் தாண்டி என்னைப் பார் என்று இரண்டு பேருமே கேட்கிறார்கள். அதனால்தான் பங்களாவில் இருக்கிறவர்களும் இதைப் படிக்கிறார்கள், குடிசையில் இருக்கிறவர்களும் படிக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் காதலுக்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் சாதி. அதைப் பெயர் சொல்லி எழுதினால் சண்டை வரும் என்று கதைக்காரர்கள் பலர் அதைப் பணமாக மாற்றிவிட்டார்கள். பங்களா, குடிசை என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படிக்கிறவர்கள் தங்கள் ஊரில் நடந்ததை அதில் நிரப்பிக்கொள்வார்கள். உங்கள் இரண்டு வீடும் ஒரே சமூகம் என்று எழுதியிருக்கிறாய். அந்த விதத்தில் உனக்குப் பெரிய கஷ்டம் ஒன்று குறைவு. உன் வயதுப் பெண்கள் எத்தனையோ பேருக்கு அது வாய்ப்பதில்லை.

அம்மா கேட்கட்டும், நீ வாசித்துக் காட்டு. அவருக்கு அது அரை மணி நேர ஓய்வு. அதில் ஒரு தப்பும் இல்லை.

இப்போது அந்த ஏழை வீட்டுக் குரலுக்கு வருகிறேன். உன்னிடம் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான். நம் பழைய கதைகளில் பெண்ணின் தகப்பன் எவ்வளவு எளியவராக இருந்தாலும் நிபந்தனை போடுகிறவர் அவர்தான். மகாபாரதத்தில் சந்தனு மகாராஜா யமுனைக் கரையில் செம்படவர் தலைவனின் மகள் சத்தியவதியைப் பார்த்து மயங்குகிறார். அஸ்தினாபுரத்து அரசர் கேட்கிறார் என்று தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிடவில்லை. என் மகள் வயிற்றுப் பிள்ளைதான் நாட்டை ஆள வேண்டும், சம்மதமா என்று கேட்கிறார். சந்தனு பேச முடியாமல் திரும்பிப் போகிறார். அந்த நிபந்தனைதான் தேவவிரதனைப் பீஷ்மராக்கியது. அது நியாயமான நிபந்தனையா என்பது தனி வழக்கு. ஓடக்காரப் பெண்ணின் தகப்பனுக்கு அரசனிடம் அப்படிக் கேட்கிற தைரியம் இருந்தது என்பதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

நம் கடற்கரைக்கே ஒரு கதை இருக்கிறதே. திருவிளையாடல் புராணத்தில் வலைவீசிய படலம். உமையம்மை பரதவர் தலைவனின் மகளாக வளர்கிறாள். கடலில் ஒரு சுறா வலைகளையும் படகுகளையும் கெடுத்துக்கொண்டு திரிகிறது. அதைப் பிடிக்கிறவனுக்குத்தான் என் மகள் என்கிறார் தகப்பன். சிவபெருமானே மாப்பிள்ளையாக வந்தாலும், வலைஞர் வேடத்தில் வந்து, வலை வீசி, சுறாவைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் கல்யாணம். சாயல்குடிப் பக்கம் மாரியூர்க் கோயிலில் சித்திரைத் திருவிழாவில் கடற்கரையில் வலைவீசும் படலம் நடக்கும். நீ சின்ன வயதில் போயிருக்கலாம். போகாவிட்டால் ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். எல்லாம் உடையவன் இறங்கி வந்து, பெண் வீட்டுத் தொழிலைக் கையில் எடுத்து, அந்த ஊர்க்காரர்கள் முன்னால் தன்னை நிரூபிக்கிறான். நெல்லைப் பக்கத்து வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதையும் இதே வழிதான். பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்களைக் கேட்டுப் போகிறான். பூணூலையும் குடுமியையும் களைந்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறார் பகடை. அவனும் செய்கிறான்.

நீ படிக்கிற தொடர்கதைகளில் பெண்ணின் அப்பா எங்கே? யோசித்துப் பார். பெரும்பாலும் இறந்துபோயிருப்பார். இல்லாவிட்டால் படுக்கையில் இருப்பார், குடிகாரராக இருப்பார், கடன்காரராக இருப்பார். அந்தக் கடனைக் கதாநாயகன் ஒரே செக்கில் அடைத்துவிடுவான். அதோடு பெண் வீட்டுக்குப் பேச வாயே இருக்காது. அது கதையில் கருணையாகத் தெரிகிறது. கடன் அடைந்த வீட்டில் அதற்குப் பிறகு யாராவது, தள்ளி நில், எங்கள் ஆட்களிலும் சிறந்தவர்கள் உண்டு என்று சொல்ல முடியுமா?

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது போனும் இல்லை, ராணி என்ற பேச்சும் இல்லை. அந்த ஒன்றரை லட்சம்தான். அதை நீ ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். கணக்கு எழுதுகிற பெண் நீ, கொஞ்சம் நின்று பார். படகு முன்பணம் வங்கிக் கடனைப் போல மாதாமாதம் தவணையில் தீருவதில்லை. மீன் விற்றதில் அப்பாவுக்குக் கிடைக்கிற பங்குப் பணத்தில் பிடித்தால் குறையும், பிடிக்காவிட்டால் அப்படியே நிற்கும். அது நிற்கும் வரை அப்பாவும் அதே படகில்தான் நிற்க வேண்டும். வேறு படகுக்குப் போக வேண்டுமானால் முழுதையும் எண்ணி வைக்க வேண்டும், இல்லை புதுப் படகுக்காரர் அதைக் கட்டி அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும். அது முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கும். அந்த மாதங்களில் முன்பணம் இன்னும் கொஞ்சம் ஏறும். இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. ஆனால் இதை உன் காதலோடு சேர்த்து நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும்? நீங்கள் இரண்டு பேரும் விரும்புவது நாளைக்கே வெளியே தெரிந்தால், அவர் வீட்டில் திட்டு விழும், சில நாள் பேசாமல் இருப்பார்கள். உன் வீட்டில் அப்பாவுக்குப் படகு போகும். முன்பணத்தை உடனே வை என்பார்கள். உன் பெயர் கரையெல்லாம் பேசப்படும். ஒரே ரகசியம்தான், ஆனால் அவருக்கு அது ஒரு விலை, உனக்கு வேறு விலை. அவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறாய், நானும் நம்புகிறேன். தங்கச்சி கல்யாணம் வரை பொறு என்பது நம் வீடுகளில் எல்லா அண்ணன்களும் சொல்கிற காரணம்தான். அதில் பொய் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இந்த ரகசியத்தில் நீ எவ்வளவு பணயம் வைத்திருக்கிறாய் என்று அவர் ஒருமுறையாவது யோசித்திருக்கிறாரா? உன்னிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாரா? வீட்டில் வேண்டாம், தன் நெருங்கிய நண்பர் ஒருவரிடமாவது உன் பெயரைச் சொல்லியிருக்கிறாரா? ராத்திரி போனில் சொன்னதை வைத்து அளக்காதே. நடுப்பகலில், நாலு பேர் இருக்கும்போது, உன் அப்பா கரையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு வரும்போது அவர் எப்படி நிற்கிறார், என்ன மரியாதையோடு பேசுகிறார் என்று பார்.

ரகசியமும் தடையும் காதலை ஊதிப் பெரிதாக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1972ல் அமெரிக்காவில் 140 ஜோடிகளை ஆராய்ந்தவர்கள், பெற்றோர் எதிர்த்தால் காதல் கூடுகிறது என்று சொன்னார்கள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், நம் கதைகளுக்கும் அது தோதாக இருந்தது. 2014ல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுபடி சோதித்தபோது அப்படிக் கிடைக்கவில்லை. சுற்றி இருப்பவர்களின் ஆதரவு உள்ள உறவுதான் நன்றாக நிற்கிறது என்றே வந்தது. என் அனுபவமும் அதுதான். உனக்குப் படபடப்பு இருப்பதால் காதல் ஆழமானது என்று நினைத்துவிடாதே. படபடப்பு பயத்திலும் வரும்.

அடுத்து, அந்த வாடை. "பாசி வாடை, நண்டு வாடையெல்லாம் விட்டுட்டு வந்துரு" என்று அவர் சொன்னது ஆசையில் சொன்னதுதான். உன்னைக் கஷ்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ அந்த வரியை எனக்கு எழுதியதற்கும், "கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கும்" என்று இழுத்து நிறுத்தியதற்கும் ஒரு காரணம் இருக்கும். சத்தியவதிக்கு முதலில் மச்சகந்தி என்றுதான் பெயர். பராசர முனிவர் அவள்மேல் ஆசைப்பட்டபோது மீன் வாடையைப் போக்கி, வெகுதூரம் மணக்கிற உடலைக் கொடுத்தார். சந்தனு மயங்கியது அந்த மணத்தில். நற்றிணைத் தோழியோ, எங்கள் மேல் புலால் நாறும் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், உன் மனம் எந்தப் பக்கம் போகிறதென்று. அவருடைய மூன்று படகும் ஐஸ் கம்பெனியும் அந்த வாடையில்தான் நிற்கின்றன. உன் அம்மா முங்கி எடுத்ததும் உன் அப்பா ஏலக்கடைக்குக் கொண்டுவந்ததும் உன்னைப் படிக்க வைத்திருக்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மா உன்னைப் பார்க்க அந்த வீட்டுக்கு வரும்போது எந்த வாசல் வழியாக வருவார், எங்கே உட்காருவார்? இதை அவரிடம் நேரடியாகக் கேள். கோபமாகக் கேட்க வேண்டாம், சாதாரணமாகக் கேள். அவர் உடனே பதில் சொல்லத் திணறினால் பரவாயில்லை. யோசித்துவிட்டு மறுநாள் வந்து பேசுகிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கதையையா, அவரையா என்பதற்கு நான் உனக்கு ஒரு வேலை தருகிறேன். கதையில் வரவே முடியாத விஷயங்கள் அவரிடம் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுது. கார், போன், "ராணி" எல்லாம் எந்தக் கதாநாயகனிடமும் இருக்கும். அவற்றை எழுதாதே. அவருக்கு எதில் பயம், யாரிடம் பொய் சொல்வார், அப்பா சத்தம் போட்டால் என்ன செய்வார், தோற்றுப்போனால் எப்படி இருப்பார், உனக்கு எரிச்சல் தருகிற பழக்கம் எது, உன் வேலையைப் பற்றி அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி எது. தாள் நிறைந்தால் நீ ஒரு மனிதரைத்தான் பார்த்திருக்கிறாய். இரண்டு வருடம் பழகியும் தாள் வெறுமையாகவே இருந்தால், அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பார். நம் கரையில் பணம் ஒரே ராத்திரியில் போய்விடும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால், ஆள் திரும்பி வந்தாலும் படகு திரும்பாமல் அங்கேயே கிடந்து மக்கிப்போன குடும்பங்களை நீ பார்த்திருப்பாய். அவருடைய மூன்று படகும் அப்படிப் போய், ஐஸ் கம்பெனியில் மின்கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றால், அந்த மனிதரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்த உனக்கு ஆசை இருக்குமா? இருக்கும் என்று உடனே மனம் சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டாலும் உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. இருபத்துமூன்று வயதில் வசதியான வாழ்க்கைக்கு ஆசைப்படுவது பாவம் இல்லை. அதைக் காதல் என்று பெயரிட்டு ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வதில்தான் பிறகு இரண்டு பேருக்கும் துக்கம்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் அம்மாவிடம் சொல். நீ வாசிக்கிற கதையை ஆசையோடு கேட்கிற அம்மா, உன் கதையையும் கேட்பார். முதல் நாள் கோபப்படுவார், அழுவார். பரவாயில்லை. இதை அவர் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

அப்புறம் அந்தக் கடன். கல்யாணப் பேச்சு எழும் முன்பே அதைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். எவ்வளவு வாங்கியது, எவ்வளவு பங்கில் பிடித்தது, மீதி எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு, தேதி போட்டு எழுது. நீயும் அக்காவும் சேர்ந்து மாதம் ஒரு தொகை கட்ட முடியுமா என்று பார். முழுதும் அடையாவிட்டாலும், எழுத்தில் இருக்கிற, குறைந்துகொண்டு வருகிற கடன் வேறு, வாய்க்கணக்கில் நிற்கிற கடன் வேறு. நாளைக்கு அவர் வீட்டில், "நம்ம சம்பந்தி ஆயிட்டீங்க, அந்தக் காசு எதுக்கு, விடுங்க" என்று சொல்லலாம். நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். அதை ஏற்காதீர்கள். கல்யாணத்தில் கழிக்கப்பட்ட கடன் எந்த நோட்டிலும் இருக்காது, ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் வெளியே வரும். சீர் வேண்டாம், நகை வேண்டாம், கட்டிய சேலையோடு வா என்று சொல்கிற வீட்டுக்கும் இது பொருந்தும். அவர்கள் எதுவும் கேட்காமல் இருப்பது நல்லது, வரதட்சணை கேட்பது சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் நீ வெறுங்கையோடு போகாதே. உன் வேலை, உன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, இந்த இரண்டையும் கொண்டு போ. 1847ல் வந்த ஜேன் அயர் என்ற ஆங்கில நாவலில், பணக்கார எஜமானரை விரும்புகிற ஏழை ஆசிரியை அவரை விட்டு ஒருமுறை போய்விடுகிறாள். அவள் திரும்பி வரும்போது அப்பாவுடன் பிறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அவள் கையில் இருக்கிறது, அவருடைய மாளிகையோ எரிந்துபோயிருக்கிறது. எழுதிய சார்லட் பிராண்டிக்கு அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே வைத்துக் கல்யாணத்தை நடத்த மனமில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். உனக்கு யாரும் சொத்து எழுதி வைக்கப்போவதில்லை. மாதம் 11,000 ரூபாய் இருக்கிறது. அதை விடாதே. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடு.

அவரிடம் ஒரு தேதி கேள். தங்கச்சி கல்யாணம் எப்போது, அதற்குப் பிறகு எத்தனை மாதத்துக்குள் பெரியவர்களை உன் வீட்டுக்கு அனுப்புவார்? அனுப்ப வேண்டும், நீ அவர் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, என் மகளுக்கு இன்னது வேண்டும் என்று சொல்ல, அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா என்ன கேட்பார் என்று நீ முன்கூட்டியே முடிவு செய்யாதே, அதை அவரே சொல்லட்டும். சுறா பிடித்துவரச் சொல்லப்போவதில்லை. மகளை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போக வேண்டும் என்று கேட்கலாம். உன் காதலர் அதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்றால், அவருக்கு நான் முழு மனதோடு வாழ்த்துச் சொல்வேன். தேதியைத் தள்ளிக்கொண்டே போனால், அல்லது அப்பாவின் பெயரை எடுத்ததும் முகம் மாறினால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்.

விஷயம் முன்கூட்டியே வெளியே வந்து, யாராவது முன்பணத்தைக் காட்டி உங்கள் வீட்டை மிரட்டினால் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்காதே. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, இராமநாதபுரம் நீதிமன்றத்தில் இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

அக்காவிடம் பேச்சை முறித்துக்கொள்ளாதே. கடன் கணக்கில் உனக்கு அவள் வேண்டும், அம்மாவிடம் சொல்லும்போதும் பக்கத்தில் அவள் வேண்டும். கதைகளையும் விட வேண்டாம். அடுத்த கதை தொடங்கும்போது அந்தப் பெண்ணின் அப்பா என்ன பேசுகிறார் என்று மட்டும் கவனித்துப் படி.

ஆறு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுது. முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே என்னை வந்து பாருங்கள். அவர் வரத் தயங்கினால் நீ அக்காவோடு வா. எப்படி வந்தாலும் அப்பாவின் முன்பணக் கணக்கை எழுதிய அந்தத் தாளைக் கையோடு எடுத்து வா, முதலில் அதைப் பார்ப்போம்.